13 அடி நீட்டின படகு

பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு 'சைன் ஆஃப்' என்ற வார்த்தையை விளக்கவே தேவையில்லை. செஞ்சு கொடுத்தவன் "முடிஞ்சது"ங்கறான். வாங்கினவன் "பார்த்தேன், சரியா இருக்கு"ன்னு கையெழுத்து போடுறான். அந்தக் கையெழுத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும்: பார்த்தவருக்கு, பார்த்தது புரிஞ்சுது. புரியாமலே ஒருத்தர் கையெழுத்து போட்டா? நம்ம தொழில்ல ரெண்டு ராத்திரி கண் முழிச்சு பேட்ச் போட்டு சமாளிச்சுடலாம். கடலுக்குள்ள போற கப்பல்ல?

அப்படி ஒரு கையெழுத்தின் கதைதான் இந்தப் பதிவு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 'டீப்வாட்டர்' திட்டம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகம் இருக்கிறவங்க சேமிச்சு வச்சுட்டு சாயங்காலம் வந்து படிங்க :-)

கடையில் பொருள் வாங்கத் தெரியாதவன்

முதல்ல கொஞ்சம் பின்னணி. அமெரிக்கக் கடலோரக் காவல்படை கடற்படையோட சேர்ந்தது இல்லை, தனிப் படை. 2003 வரைக்கும் போக்குவரத்துத் துறைக்குக் கீழே இருந்தது, அதுக்கப்புறம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போச்சு. மூழ்கற படகைக் காப்பாத்தறது, போதைப்பொருள் கடத்தறவங்களை விரட்டறது, மீன்பிடி எல்லையைக் காவல் காக்கறது எல்லாம் இவங்க வேலை. கரையிலிருந்து 50 கடல்மைலுக்கு அந்தப் பக்கம் செய்யற வேலைக்குத்தான் 'டீப்வாட்டர்'னு பேர்.

1990-களின் கடைசியில் இவங்க கப்பல்கள் எல்லாம் கிழடு தட்டிப் போச்சு. பெரிய கப்பல்களில் பல 1960-களில் கட்டினது. ஒண்ணொண்ணா மாத்தினா காசும் கிடைக்காது, காலமும் ஆகும். அதனால ஒரு யோசனை பண்ணினாங்க. கப்பல், விமானம், ஹெலிகாப்டர், ரேடியோ, கணினி எல்லாத்தையும் ஒரே 'சிஸ்டம்'னு வச்சுக்கிட்டு ஒரே காண்ட்ராக்டா கொடுத்துடலாம்.

யோசனை கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு பெரிய கொள்முதலைப் பார்த்துக்க இவங்க கிட்ட ஆள் இல்லை. அது தற்செயலும் இல்லை. பனிப்போர் முடிஞ்ச பிறகு வாஷிங்டனில் அடிச்ச காத்து அது. 'அரசாங்கம் இளைக்கணும், தனியார் கிட்ட விட்டா மலிவா, வேகமா முடியும்.' பாதுகாப்புத் துறையில் கொள்முதல் பிரிவு ஆட்கள் 90-களில் ஏறக்குறைய பாதியா குறைஞ்சாங்க. பழைய முறைப்படி 'இந்தத் தகடு இத்தனை கனம், இந்தக் கம்பி இந்த ரகம்'னு அரசாங்கம் சொல்லும். புது முறையில் 'எனக்கு இந்த வேலை நடக்கணும், எப்படின்னு நீயே பாத்துக்கோ'ன்னு விட்டுடும். காவல்படை பாதுகாப்புத் துறைக்குக் கீழே வராது. ஆனா அதே காத்து இங்கேயும் அடிச்சது.

2002 ஜூனில் காண்ட்ராக்ட் கையெழுத்தாச்சு. லாக்ஹீட் மார்ட்டினும் நார்த்ராப் கிரம்மனும் சேர்ந்து இதுக்குன்னே உண்டாக்கின 'இன்டகிரேட்டட் கோஸ்ட் கார்ட் சிஸ்டம்ஸ்' என்ற கூட்டு நிறுவனத்துக்கு. முதல் மதிப்பீடு 20 வருஷத்துக்கு 1,700 கோடி டாலர். அப்புறம் 25 வருஷம், 2,400 கோடின்னு ஏறிச்சு.

காண்ட்ராக்டில் கவனிக்க வேண்டிய விஷயம் தொகை இல்லை. என்ன வாங்கறதுன்னு முடிவு பண்றதில் பெரும்பங்கு, யார் கட்டறதுன்னு தேர்ந்தெடுக்கறது, கட்டறதை மேற்பார்வை பார்க்கறது, இது எல்லாமே அந்த நிறுவனத்தோட பொறுப்பு. தொழில்நுட்பக் குழுக்களுக்குத் தலைமையும் நிறுவனத்து ஆள்தான். காவல்படையின் பொறியாளர்கள் அதில் உட்காரலாம், கருத்து சொல்லலாம். எடுத்துக்கறதும் விடறதும் காண்ட்ராக்டர் இஷ்டம்.

நம்ம ஊர் பாஷையில் சொன்னா, வீடு கட்ட மேஸ்திரியைப் பிடிச்சு, கம்பி எத்தனை எம்.எம். போட்டிருக்குன்னு பார்க்கிற இன்ஜினியர் வேலையையும் அவர் கிட்டயே கொடுத்த மாதிரி. மேஸ்திரி நல்லவராவே இருக்கலாம். ஆனா கான்க்ரீட் போட்டு மூடின பிறகு உள்ள இருக்கிற கம்பி யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?

நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அமைப்பு 2001-லேயே 'இது ஆபத்தான வழி'ன்னு அறிக்கை கொடுத்தது. 2004-இல் 'காண்ட்ராக்டரைக் கண்காணிக்கறது போதாது'ன்னு இன்னொரு அறிக்கை. கேட்டவங்க குறைவு.

ஸ்கேலை வளைச்சுப் பாருங்க

திட்டத்தில் முதல்ல செய்ய எடுத்தது சின்ன வேலைதான். காவல்படை கிட்ட 110 அடி நீளத்தில் 'ஐலண்ட்' வகை ரோந்துப் படகு 49 இருந்தது. 1980-களின் நடுவில் ஆரம்பிச்சு லூசியானா மாநிலத்தின் பாலிஞ்சர் கப்பல்கட்டும் தளத்தில் கட்டினது. இதோட பின்பக்கம் 13 அடி ஒட்டுப்போட்டு 123 அடி ஆக்கிடலாம், அந்த இடத்தில் சரிவுப் பாதை வச்சு ஒரு சின்னப் படகை இறக்கி ஏத்தலாம், புது ரேடியோ, கேமராவெல்லாம் மாட்டலாம் என்பது திட்டம். வேலை அதே பாலிஞ்சருக்குப் போச்சு.

13 அடிதானேன்னு தோணும். இங்க கொஞ்சம் இன்ஜினியரிங் பேசிக்கறேன், பொறுத்துக்கங்க.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துப் படுக்க வச்சு வளைங்க, சுலபமா வளையும். நிமிர்த்தி வச்சு வளைங்க, வளையாது. பிளாஸ்டிக் அதேதான், குறுக்கு வெட்டில் அது எப்படிப் பரவியிருக்குங்கறதுதான் வித்தியாசம். இந்தப் பரவலை வச்சு 'வளைக்கிற விசையைத் தாங்கும் பலத்தை' அளக்கற எண்ணுக்கு செக்‌ஷன் மாடுலஸ்னு பேர். காலேஜ்ல எல்லாரும் பரிட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி, அடுத்த நாள் மறந்தது.

கடலில் படகும் ஒரு ஸ்கேல்தான். அலையின் முகடு நடுவில் வந்தா ரெண்டு முனையும் தொங்கும். முகடு ரெண்டு முனைக்கும் போனா நடு தொங்கும். நிமிஷத்துக்குப் பல தடவை இப்படி வளைச்சு வளைச்சு எடுக்கும். படகு நீளமாக ஆக இந்த வளைக்கிற விசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 110-ஐ 123 ஆக்கினா நீளம் 12 சதவீதம்தான் கூடுது. விசை கிட்டத்தட்ட 25 சதவீதம் கூடும். தகடு என்னவோ பழைய தகடுதான், பல வருஷம் உப்புத் தண்ணியில் ஊறினது. ஆக, 'நீட்டின பிறகு இது தாங்குமா?' என்பதுதான் இந்த வேலையின் ஒரே முக்கியமான கேள்வி.

கடற்படையில் சிறிய போர்ப்படகுகளுக்குன்னே ஒரு நிபுணர் பிரிவு இருக்கு. கடற்படை தன்னோட 'சைக்ளோன்' வகை ரோந்துக் கப்பலைப் பின்பக்கம் நீட்டிப் பார்த்து அனுபவப்பட்டிருந்தது. அந்தப் பிரிவு 2002-லேயே காவல்படையை எச்சரிச்சது, வடிவமைப்பைச் சரிபார்த்துக் கொடுக்கறோம்னும் சொன்னது. வேண்டாம்னுட்டாங்க. தாங்குமா என்பதற்கு பாலிஞ்சர் கொடுத்த பதில் ஒரு எண்: 5,232 கன அங்குலம். தாராளமான எண். காவல்படையில் அந்தக் கணக்கை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை.

2004 மார்ச்சில் முதல் படகு 'மட்டகோர்டா' வேலை முடிஞ்சு வந்துது. அதே வருஷம் செப்டம்பரில் ஐவன் சூறாவளிக்கு வழிவிட்டு இடம் மாறிப் போனப்ப, மேல்தளத்தில் விரிசல், பக்கத் தகடு நெளிஞ்சு போச்சு. அப்புறம் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. வந்த எண் 2,615. சொன்னதில் சரிபாதி.

எஃகுப் பட்டை வச்சுப் பலப்படுத்திப் பார்த்தாங்க. சரியாகலை. பெரிய அலையில் போகக்கூடாதுன்னு தடை போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, கடலில் மாட்டிக்கிட்டவங்களைக் காப்பாத்தப் போற படகு, அலை அதிகமா இருந்தா வெளியே போகாதுன்னா அது எதுக்கு? 2005-இல் 8 படகோட வேலையை நிறுத்தினாங்க. 2006 நவம்பர் 30 அன்னிக்கு தளபதி தாட் ஆலன் எட்டையும் சேவையிலிருந்து விலக்கினார். செலவு கிட்டத்தட்ட 10 கோடி டாலர். மீதி 41 பழைய 110 அடிப் படகே இழுத்துக்கிட்டு ஓட வேண்டியதாச்சு.

இதில் ஒரே நல்ல சேதி, யாரும் சாகலை. அது அதிர்ஷ்டம், நிர்வாகத் திறமை இல்லை.

காண்ட்ராக்ட்படி எல்லாம் சரி!

இன்னொரு கிளைக்கதை. இதே படகுகளின் மின்னணு வேலையில் இருந்த மைக்கேல் டெகோர்ட் என்ற லாக்ஹீட் பொறியாளர், மேலிடத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் 2006 ஆகஸ்டில் கேமரா முன்னாடி உட்கார்ந்து எல்லாத்தையும் பேசி யூடியூபில் போட்டுட்டார். படகைச் சுத்திக் கண்காணிக்கிற கேமராவுக்குத் தெரியாத மூலைகள் இருக்கு, தீப்பிடிச்சா புகை குறைவா வரணும்னு விதிச்ச கேபிளைப் போடலை, வெளியே மாட்டின கருவிகள் வெயில் குளிர் தாங்காது, இப்படி.

துறையின் தலைமைத் தணிக்கை அதிகாரி விசாரிச்சு 2007 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். கேபிள், வெளிக்கருவி ரெண்டு புகாரும் உண்மை. கேமரா? மறைவான மூலை இருக்கறது உண்மை, ஆனா காண்ட்ராக்ட் மீறல் இல்லை! ஏன்னா காண்ட்ராக்டில் எழுதியிருந்தது அவ்வளவுதான்.

நான் இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்னேன். கண்காணிக்க மட்டும் ஆள் வேணும்னு நினைச்சுட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடியே, என்ன கேட்கணும்னு எழுதறதுக்கும் தொழில் தெரிஞ்ச ஆள் வேணும். 'சுத்திலும் தெரியணும், ஒரு மூலையும் விடக்கூடாது'ன்னு ஒரு வரி எழுதத் தெரியணும்னா, ராத்திரி அந்தப் படகில் காவல் நின்ன அனுபவம் யாருக்காவது இருக்கணும்.

சரி, ஆள் இருந்தா மட்டும் போதுமா? அதுவும் இல்லை. திட்டத்தின் பெரிய கப்பல், 418 அடி 'தேசியப் பாதுகாப்பு' கட்டர். காவல்படையின் பொறியியல் தலைவர் ரியர் அட்மிரல் எரோல் பிரவுன் 2004-லேயே எழுத்து மூலமா எச்சரிச்சார்: இந்த வடிவமைப்பு எதிர்பார்க்கிற 30 வருஷம் தாங்காது, உலோகம் களைச்சுப் போய் முன்னாடியே விரிசல் விடும். ஆள் இருக்கார், கணக்கு தெரியும், சரியாவும் சொன்னார். ஆனா நிறுத்தற அதிகாரம் அவர் கையில் இல்லை. மாத்தினா தாமதம் ஆகும்னு முதல் ரெண்டு கப்பலை அப்படியே கட்ட விட்டு, பிறகு செலவழிச்சு பலப்படுத்தறதுன்னு முடிவாச்சு. மூணாவது கப்பலில்தான் வடிவமைப்பையே திருத்தினாங்க.

நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டிலும் இதே வாசனை அடிச்சுது. க்ளையண்ட் (பேர் வேண்டாம்) செலவைக் குறைக்கறேன்னு தன் சொந்த டெக்னிகல் டீமைக் கலைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க 140 பக்க டிசைன் டாக்குமெண்ட் அனுப்பினா 10 நிமிஷத்தில் 'அப்ரூவ்ட்'னு மெயில் வரும். எங்க டேமேஜருக்கு ஒரே குஷி. எனக்கு வயித்தைக் கலக்கும். கேள்வி கேட்கிற க்ளையண்ட் தலைவலிதான். ஆனா கேள்வியே கேட்காத க்ளையண்ட், நாளைக்கு என்ன உடைஞ்சாலும் எதனால உடைஞ்சதுன்னு கூடத் தெரியாம நிப்பாங்க.

அப்ப அரசாங்கமே செஞ்சுட்டா?

இதைப் படிச்சுட்டு 'பார்த்தியா, தனியார்னாலே இப்படித்தான்'னு சில நண்பர்கள் பின்னூட்டத்தில் கிளம்புவீங்க. கொஞ்சம் பொறுங்க, அதுக்கும் ஒரு கதை இருக்கு.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க நீர்மூழ்கிகளின் முக்கிய ஆயுதம் மார்க் 14 டார்பிடோ. இதை வடிவமைச்சு, செஞ்சு, சோதிச்சது எல்லாம் நியூபோர்ட்டில் இருந்த கடற்படையின் சொந்த டார்பிடோ நிலையம். சுத்தமான அரசாங்கச் சரக்கு. போர் வந்ததும் கேப்டன்கள் அலற ஆரம்பிச்சாங்க. டார்பிடோ கப்பலுக்குக் கீழே போயிடுது, அல்லது போய் முட்டினாலும் வெடிக்கலை. நிலையத்தின் பதில்: உங்களுக்குக் குறி பார்க்கத் தெரியலை.

1942 ஜூனில் அட்மிரல் சார்லஸ் லாக்வுட் ஆஸ்திரேலியாவின் ஆல்பனி பக்கத்தில் ஒரு மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டு டார்பிடோவை அதில் சுடச் சொன்னார். வலையில் ஓட்டை எங்கே விழுந்திருக்குன்னு அளந்தா, வச்ச ஆழத்தை விட சராசரியா 10, 11 அடி கீழே போயிருக்கு! இவ்வளவு பெரிய நிலையம் ஒத்துக்காத விஷயத்தை ஒரு மீன்வலை சொல்லிடுச்சு. மத்த கோளாறெல்லாம் ஒண்ணொண்ணா சரியாக 1943 செப்டம்பர் ஆச்சு. அதுவரைக்கும் வெடிக்காத டார்பிடோவோட எதிரி கப்பல் முன்னாடி போய் நின்னவங்களை நினைச்சுப் பாருங்க.

ஆக இது அரசாங்கமா தனியாரா என்ற பழைய பட்டிமன்றம் இல்லை. செய்யறவனே சரிபார்க்கவும் கூடாது. அவன் யாரா இருந்தாலும் சரி. வாங்கறவன் பக்கத்தில் மூணு இருக்கணும்: கணக்கைப் படிக்கத் தெரிஞ்ச ஆள், அந்த ஆளுக்கு 'நிறுத்து'ன்னு சொல்ற அதிகாரம், அவர் சொன்னா கேட்கிற தலைமை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்திப் பிரிவை மூணு தசாப்தத்துக்கு மேல, 1982 வரைக்கும் ஆண்ட ஹைமன் ரிக்கோவர் இதைத்தான் செஞ்சார். கட்டறது தனியார்தான். ஆனா தலைமையகத்தில் அவரோட சொந்தப் பொறியாளர்கள், கப்பல்கட்டும் தளத்தில் நேரா அவருக்கே தகவல் சொல்ற பிரதிநிதிகள். அவரைப் பிடிக்காத காண்ட்ராக்டர்கள் ஏராளம். அதுவே ஒரு நற்சான்றிதழ்!

அதே தளம், வேற கண்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி கடைசியில்தான் வருது.

2007 ஏப்ரலில் காவல்படை, இனிமே மேற்பார்வையை நாங்களே பார்த்துக்கறோம்னு அறிவிச்சது. ஜூலையில் கொள்முதலுக்குன்னு தனி இயக்குநரகம். பொறியியல் பிரிவுக்கு உண்மையான அதிகாரம். தனியார் நிறுவனத்தையே இப்படி ஒட்டுமொத்த மேற்பார்வையாளரா வைக்கக்கூடாதுன்னு 2010-இல் சட்டமே வந்துடுச்சு. (ராணுவமும் போயிங்கை வச்சு இதே பாணியில் 'ஃப்யூச்சர் காம்பாட் சிஸ்டம்ஸ்'னு ஒரு திட்டம் நடத்தி, சுமார் 1,800 கோடி டாலர் செலவுக்கு அப்புறம் 2009-இல் கைவிட்டது தனிக் கதை.)

அடுத்த ரோந்துப் படகுக்கு டெண்டர் விட்டாங்க. இந்தத் தடவை 'நீயே யோசிச்சுக்கோ' கிடையாது. ஏற்கனவே கடலில் ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு கப்பலை அடிப்படையா வச்சுத்தான் வரணும். அமெரிக்கன் பீரோ ஆஃப் ஷிப்பிங் என்ற வெளி அமைப்பு சரிபார்க்கும். டச்சு நிறுவனம் டேமன் வடிவமைச்ச படகை வச்சு 2008 செப்டம்பரில் அந்த காண்ட்ராக்டை ஜெயிச்சது யாரு தெரியுமா?

பாலிஞ்சர். அதே பாலிஞ்சர் :-)

154 அடி 'சென்டினல்' வகை. முதல் கப்பல் 2012 ஏப்ரலில் சேவைக்கு வந்தது. அதுக்கப்புறம் 50-க்கும் மேல கட்டிக் கொடுத்தாச்சு, நாடு முழுக்க ஓடுது. பழைய 8 படகு விஷயத்தில் அரசாங்கம் 9.6 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டு, 2011-இல் அதே பாலிஞ்சர் மேல வழக்கும் போட்டு, 2015-இல் தப்பு செஞ்சதா ஒப்புக்கொள்ளாமலே அவங்க 85 லட்சம் டாலர் கட்டி முடிச்சுக்கிட்டாங்க. ஒரு பக்கம் கோர்ட்டில் வாய்தா, இன்னொரு பக்கம் அதே தளத்தில் நல்ல கப்பல் தண்ணியில் இறங்குது.

அதே ஊர், அதே தளம். கெட்ட படகு கட்டினதும் அங்கதான், நல்ல படகு கட்டினதும் அங்கதான். நடுவில் பெரிசா மாறினது வாங்கறவன். அவன் கணக்கு கேட்க ஆரம்பிச்சான், இன்னொருத்தரை வச்சும் போட்டுப் பார்த்தான்.

அரசாங்கத்தில் பொறியாளரை வச்சு சம்பளம் கொடுக்கறது வீண் செலவுன்னு சொல்றது ரொம்ப சுலபம். அவர் தடுத்த தப்பு எந்தப் பட்ஜெட்டிலும் வரியா வராது, நடக்கவே இல்லையே! அவர் இல்லாம போனா மட்டும்தான் தெரியும், 10 கோடி டாலருக்கு எட்டு படகு கரையில் சும்மா நிக்கறப்ப. இன்னொண்ணு, அவரை ஒரு நாளில் வீட்டுக்கு அனுப்பிடலாம், ஒரு நாளில் திரும்ப உண்டாக்க முடியாது. 2007-இல் முடிவெடுத்த காவல்படைக்கு முதல் நல்ல படகு வர 2012 ஆச்சு.

கப்பல் கட்டறது, பாலம் கட்டறது மாதிரி 'நிஜ' இன்ஜினியரிங் பார்க்கிற பதிவர்கள் நம்ம வட்டத்தில் சிலர் இருக்கீங்க. உங்க பக்கத்தில் கணக்கை யார் சரிபார்க்கிறாங்க, அவங்களால வேலையை நிறுத்த முடியுமா? பின்னூட்டத்தில் சொல்லுங்க, நிஜமாவே தெரிஞ்சுக்க ஆசை. செக்‌ஷன் மாடுலஸ் பத்தி நான் சொன்னதில் குறை இருந்தாலும் காதைத் திருகலாம்.